குளிர்பெட்டிக் கணக்கு

"அங்கே உனக்கு என்னதான் வேலை?" என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்குப் பெரும் சங்கடமாகிவிடும். எலியின் மூளையை எடுத்து உறைய வைப்பதுதான் என் வேலை. இந்த உண்மையைச் சொன்னால் லால்குடியிலுள்ள என் அத்தை ஒரு வாரத்துக்கு நான் தொட்ட பாத்திரத்தைத் தொடமாட்டாள். ஆகவே, "ரசாயனம் மாதிரி ஒன்று, அத்தை" என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். நம் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று செயலாளர் மூன்று முறை என்னை வழிமறித்தார். மூன்றாம் முறை, "கவிதை வேண்டாம், கவிதை மூட்டையாய் வந்து கிடக்கிறது, உன் வேலையைப் பற்றி எழுது" என்றார். அத்தைக்கு நம் மலர் போய்ச் சேராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது டாலிகஞ்சில். ஊர்ப் பெயர் ஏதோ சாமி பெயராயிருக்கும் என்று வந்த புதிதில் நினைத்தேன். அப்படியொன்றுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் டாலி என்ற கம்பெனிச் சிப்பாய் அதிகாரி, தூர்ந்துபோன ஆதி கங்கையை வெட்டிக் கால்வாயாக்கினார். அவர் பெயரே ஊருக்கும் நின்றுவிட்டது. அந்தக் கால்வாயின் நடுவிலேயே இன்று மெட்ரோ ரயிலின் தூண்கள் வரிசையாய் நிற்கின்றன. அதன் வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மெட்ரோ நிலையத்துக்கு மகாநாயக் உத்தம் குமார் என்று நடிகர் பெயர். அதில் நியாயமும் இருக்கிறது. வங்காளத்துப் படவுலகமே இந்தப் பேட்டைதான். 1932-ஆம் ஆண்டிலேயே இதை ஓர் அமெரிக்கர் 'டாலிவுட்' என்று எழுதிவிட்டார். பம்பாய்க்காரர்களின் 'பாலிவுட்' அதற்கு வெகு காலம் பின்னால் பிறந்தது. நமக்கும் இதில் கொஞ்சம் பங்குண்டு. தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி', 'சிந்தாமணி' இரண்டும் 1937-இல் வந்தவை. இரண்டையும் கல்கத்தா ஸ்டுடியோவில்தான் எடுத்தார்கள். பாட்டுப் பாடவே ரயிலேறிக் கல்கத்தா வந்த தமிழர்கள் இருந்திருக்கிறார்கள் என்றால், எலி மூளைக்காக ஒருத்தி வந்ததில் என்ன அதிசயம்?

என் வீட்டுக்காரரும் சினிமாக்காரர்தான். ஆனால் யாரும் பார்த்திராத சினிமாக்காரர். ஒரு பட லாபரட்டரியில் நெகடிவ் சுருள்களைப் பாதுகாக்கும் குளிர் அறைக்கு முப்பத்தைந்து வருஷம் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்பது. நான் அவரை மேசோமஷாய் என்று கூப்பிடுவேன். நம் ஊர்க் கணக்கில் சித்தப்பா. அவர் மனைவி மாசிமா. மாடியறையை எனக்கு வாடகைக்கு விடும்போது மாசிமா போட்ட ஒரே நிபந்தனை, மீன் வாசனைக்கு முகம் சுளிக்கக்கூடாது என்பதுதான். இரண்டு மாதத்தில் நானே முள் எடுத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். இதுவும் அத்தைக்குத் தெரியாது.

மேசோமஷாய்க்குப் பார்க்கின்சன் நோய். வலது கை ஓயாமல் நடுங்கும். தேநீர்க் கோப்பையைப் பாதிதான் நிரப்ப வேண்டும். எழுத்தும் சிறுத்துக்கொண்டே வந்தது. வரியின் தொடக்கத்தில் எறும்பு அளவில் இருப்பது வரி முடியுமுன் கடுகாகிவிடும். இந்த நோயின் குறிகளில் அதுவும் ஒன்று. நான் மூளையைப் பற்றி ஆராய்பவள் என்று தெரிந்த நாளிலிருந்து, மாலைத் தேநீருக்குக் கீழே கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்பார். என் பேராசிரியர்கூட அவ்வளவு நன்றாகக் கேள்வி கேட்டதில்லை.

"மூளையை எதற்காக உறைய வைக்கிறாய், அம்மா? ஐஸ் பெட்டியில் வைத்தால் போதாதா?"

போதாது. உயிர் போன நிமிஷத்திலேயே திசுவுக்குள் கலகம் தொடங்கிவிடுகிறது. உயிரணுவுக்குள் இருக்கும் நொதிகள், எஜமானன் இல்லாத வீட்டில் புகுந்த வேலைக்காரர்களைப்போல, கண்டதையெல்லாம் வெட்டிப் போடத் தொடங்குகின்றன. முதலில் போவது ஆர்.என்.ஏ. என்கிற நூலிழை, எந்த உயிரணு எந்த வேலையில் இருந்தது என்று சொல்லும் தாக்கீது அதுதான். வீட்டுப் பனிப்பெட்டியின் குளிரில் இந்த நொதிகள் மந்தமாகுமே தவிர நிற்கமாட்டா. பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய எல்லாம் அசையாமல் நின்றுவிடும். அதற்கும் கீழே, 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் போட்டால், காலமே நின்றதுபோலத்தான்.

ஆனால் எடுத்ததும் நேரே திரவ நைட்ரஜனில் போட்டுவிடக்கூடாது. இதைப் புரியவைக்க எனக்கு மாசிமாவின் அடுப்பு உதவிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன். கல் நன்றாய்க் காய்ந்ததும் தண்ணீர் தெளித்தேன். துளிகள் உடனே ஆவியாகாமல் முத்து முத்தாய் உருண்டோடின. "பாருங்கள் மேசோமஷாய், துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவி மெத்தை ஒன்று விரிந்துவிட்டது, அதனால் சூடு உள்ளே போகவில்லை" என்றேன். திரவ நைட்ரஜனில் விழும் மூளைக்கும் அதே கதிதான். சுற்றிலும் ஆவி மெத்தை விரிந்துகொள்ள, குளிர் மெதுவாய் உள்ளே போகும். மெதுவாய் உறைந்தால் நீர் பெரிய பெரிய பனிப் படிகங்களாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். அதனால் ஐசோபென்டேன் என்ற திரவத்தை முதலில் நைட்ரஜனால் குளிர்வித்து, அதில் மூளையை முக்குகிறோம். அது சுலபத்தில் கொதிக்காது. ஆவி மெத்தை கிடையாது. கொண்டைக்கடலையைவிடச் சற்றே பெரிதான எலி மூளை சில விநாடிகளில் வெள்ளைக் கல்லாகிவிடும். மேசோமஷாய் தோசையை மறந்துவிட்டுக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் தொழிலிலும் நெகடிவைக் குளிரில்தான் வைப்போம். ஆனால் இவ்வளவு சூட்சுமம் இல்லை" என்றார்.

உறைந்ததை உயிர்ப்பிக்க முடியுமா என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. நம் விடுதிச் சிநேகிதிகளும் இதைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1967-இல் ஜேம்ஸ் பெட்போர்டு என்ற பேராசிரியரின் உடலை, என்றாவது எழுப்பலாம் என்ற நம்பிக்கையில் உறைய வைத்தார்கள். அதற்குப் பின் பணம் கட்டிப் பலர் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவரும் எழுந்து வந்ததில்லை. கும்பகர்ணனை எழுப்பவாவது ஒரு முறை இருந்தது. இவர்களை எழுப்ப யாருக்கும் வழி தெரியாது. எங்கள் ஆராய்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நூறு முறை சொல்லியாயிற்று. எங்கள் எலி செத்தது செத்ததுதான். செத்த கணத்தில் அதன் மூளையில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கிறோம், அவ்வளவே.

ஆனாலும் உயிரோடு உறைய வைப்பது வெறும் கதையென்று தள்ளவும் முடியாது. 1949-இல் லண்டனுக்கு அருகே மில் ஹில் ஆராய்ச்சிசாலையில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர், கிளிசரின் கலந்தால் சேவலின் விந்தணு உறைந்தும் பிழைக்கும் என்று கண்டார்கள். அதில் ஒரு வேடிக்கை. சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி அவர்கள் எடுத்த புட்டியில் உண்மையில் இருந்தது கிளிசரின், சீட்டு மாறிப்போயிருந்தது! 1966-இல் ஜப்பானில் கோபே நகரத்து இசாமு சுடா என்பவர், கிளிசரின் ஏற்றிப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் 203 நாட்கள் வைத்திருந்த பூனை மூளையை இளக்கியபோது, அதில் மின்னலைகள் மறுபடி தோன்றியதாக எழுதினார். 2024-இல் ஷாங்காய் விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மூளைத் திசு உருண்டைகளையும், வலிப்பு நோயாளியின் சிகிச்சையில் எடுத்த திசுத் துண்டுகளையும் உறைய வைத்து மீட்டிருக்கிறார்கள்.

நம் கல்கத்தாவையும் இந்த வரிசையில் சொல்லியாக வேண்டும். டாக்டர் சுபாஷ் முகர்ஜி, மனிதக் கருவை 53 நாட்கள் உறைய வைத்துப் பின் தாயின் வயிற்றில் வைத்து, 1978 அக்டோபர் 3-ஆம் தேதி துர்கா என்ற பெண் குழந்தை பிறக்கக் காரணமானார். அரசாங்கம் அமைத்த குழு அவரை நம்பவில்லை; ஏளனம் செய்தார்கள்; மாற்றல் செய்தார்கள். 1981 ஜூன் 19-ஆம் தேதி அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்று உலகம் 1984-இல் ஆஸ்திரேலியாவில் கொண்டாடியபோது துர்காவுக்கு ஐந்து வயது நிறைந்திருந்தது. தபன் சின்ஹா 1990-இல் எடுத்த 'ஏக் டாக்டர் கீ மௌத்' அவர் கதையைத் தழுவியதுதான். 1997-இல் டி.சி. ஆனந்த் குமார் என்ற விஞ்ஞானி முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதற் பெருமை இவருக்கே உரியது என்று பகிரங்கமாகச் சொன்னார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உண்டாக்கியவர் என்ற பெருமை அதுவரை ஆனந்த் குமாருக்குத்தான் இருந்தது. தம் மாலையைத் தாமே கழற்றி இன்னொருவர் படத்துக்குப் போட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இவ்வளவு பெரிய காரியங்களைச் சொல்லிவிட்டு என் சொந்தக் கதைக்கு வருவது வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் புட்டிகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஆட்டோ போய்விடுமே என்ற அவசரத்தில் கதவைச் சாத்திக் கைப்பிடியை இழுத்தேன். கதவோரத்தில் பனி படிந்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டுத்தான் சாத்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் சுரண்டவில்லை. கதவு மூடியதுபோலத் தோன்றிற்று, மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எலிகளுக்குத் தீனி வைக்கப் போனவள் தாழ்வாரத்திலேயே எச்சரிக்கை மணியைக் கேட்டேன். எத்தனை நேரமாய் அடித்துக்கொண்டிருந்ததோ! விடுமுறை நாளில் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. கீழே தண்ணீர் குளம். முகப்பில் உள்ள எண் பூஜ்யத்துக்குக் கீழே 80 காட்டுவதற்குப் பதில் 19 காட்டிற்று. மேல் தட்டுப் புட்டிகளைத் தொட்டுப் பார்த்தேன்; சிலவற்றில் உள்ளே இருந்தது மெத்தென்று அசைந்தது. என்னுடைய புட்டிகள் கொஞ்சம்தான். ஐந்து மாத உழைப்பு. மற்றவையெல்லாம் எங்கள் மூத்த ஆராய்ச்சி மாணவியுடையவை. நாங்கள் அவளைத் தீதி என்போம். அவளுடைய மூன்று வருஷம் அந்தப் பெட்டியில் இருந்தது.

பனியைச் சுரண்டினேன். கதவை அழுத்திச் சாத்தினேன். தரையைத் துடைத்தேன். அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 25, 34, 48. மாலை நாலு மணிக்கு மறுபடி 80. பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் முன்போலவே வெள்ளைக் கல். இளகி மறுபடி உறைந்ததற்கும் இளகாமலே இருந்ததற்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எங்கள் பெட்டி பழைய மாடல். தானே எதையும் குறித்து வைக்காது. கதவில் தொங்கும் நோட்டில் நாங்கள் கையால் எழுதுவதுதான் கணக்கு. சனி, ஞாயிறு இரண்டு கட்டமும் காலியாயிருந்தன. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது, ஒன்றும் சொல்வதில்லை என்றுதான் தீர்மானம் செய்திருந்தேன். காரணங்கள்கூடத் தயாராயிருந்தன. ஒருவேளை ஒன்றும் கெட்டிருக்காது. வீணாக எல்லோரையும் கலவரப்படுத்துவானேன்? என் உபகாரச் சம்பளம், என் சிபாரிசுக் கடிதம், எனக்காக நகை அடகு வைத்த அம்மா! மனிதருக்கு வேண்டும்போது காரணங்கள் எவ்வளவு சுறுசுறுப்பாய் ஓடி வருகின்றன!

மாலைத் தேநீரின்போது மேசோமஷாய் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். சொன்னேன். அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. வெகு நேரம் கழித்துத் தம் கதை ஒன்றைச் சொன்னார்.

1978 செப்டம்பர் கடைசியில் கல்கத்தாவையே முழுக்கிய மழை. டாலிகஞ்ச் தெருக்களில் படகு ஓடிற்று. அவருடைய நெகடிவ் அறைக்கு நான்கு நாள் மின்சாரம் இல்லை. அவராலும் போய்ச் சேர முடியவில்லை. ஐந்தாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்ச் சேர்ந்தபோது அறை அடுப்பங்கரை போல் இருந்ததாம். குளிர் யந்திரத்தை ஓடவிட்டு, உஷ்ணநிலைப் புத்தகத்தைத் திறந்து, விடுபட்ட நான்கு நாளுக்கும் 55 டிகிரி பாரன்ஹீட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எப்போதும் அங்கே இருக்க வேண்டிய எண் அதுதான்.

"எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. மூத்த பெண் பிறந்து ஆறு மாதம். மழைக்கு நான் என்ன செய்வேன்? யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இருந்தும் எழுதினேன்" என்றார். "பல வருஷம் கழித்துச் சில டப்பாக்களைத் திறந்தால் காடி நாற்றம். சுருள் சுருங்கிப் போயிற்று. பம்பாயிலிருந்து ஒரு நிபுணர் வந்து, என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க என் புத்தகங்களைத்தான் புரட்டினார். எல்லாப் பக்கமும் 55. 'உங்கள் கணக்கு வெகு சுத்தம், தவறு வேறெங்கோ இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நான்கு நாள்தான் காரணமா? எனக்கே தெரியாது. அதுதான் விஷயம், அம்மா. இனி ஒருவராலும் தெரிந்துகொள்ள முடியாது."

எந்தப் படங்கள் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. மாசிமா உள்ளே போய்விட்டார். அவருக்கும் அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் நோட்டில் எழுதினேன்: வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை கதவு சரியாக மூடவில்லை, 19 டிகிரி, காரணம் நான். பிறகு பேராசிரியரிடம் போனேன். அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "தீதியிடம் நீயே சொல்" என்றார். சொன்னேன். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

ஒவ்வொரு தட்டிலிருந்தும் மாதிரி எடுத்து ஆர்.என்.ஏ.யைச் சோதித்தோம். அதன் முழுமையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் யந்திரம் ஒன்று உண்டு. எட்டுக்கு மேல் இருந்தால் சிரேஷ்டம். கீழ்த்தட்டுகள் தேறின. மேல் இரண்டு தட்டும் நான்கு, மூன்று என்று விழுந்துவிட்டன. தீதியின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. என்னுடையது முழுவதும் போயிற்று. நான் சொல்லாமலிருந்திருந்தால் அவள் அந்தக் கெட்ட திசுவை நல்லதென்று நம்பி எண்களை எடுத்து, நோயின் விளைவு என்று எழுதி அச்சேற்றியும் இருப்பாள். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பதினைந்தாம் நாள் தன் முட்டை ரோலில் பாதியைக் காகிதத்தில் சுற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அம்மாவிடம் அதற்குக் காரணத்தையும் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு மேசோமஷாய்க்கும் எனக்கும் ஒரு புது நெருக்கம் ஏற்பட்டது. ஒரு நாள் தம் மாத்திரையைக் காட்டி, "இதை யார் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டார். லெவோடோபா மாத்திரை. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பவரும் அவருடைய உதவியாளர் எரிங்கரும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சோதித்து, அதில் டோபமின் என்ற பொருள் வெகுவாய்க் குறைந்திருக்கக் கண்டார்கள். மறு வருஷமே அதை ஈடு செய்ய லெவோடோபாவை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்தப் பொருளோ நமக்குப் புதிதல்ல. நம் வைத்தியர்கள் பயன்படுத்தும் பூனைக்காலி விதையில் அது நிறைய உண்டு. 1937-இலேயே தாமோதரன், ராமஸ்வாமி என்ற இரு விஞ்ஞானிகள் சென்னையில் பூனைக்காலியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்பதை உலகுக்குச் சொன்னது, செத்தவர்களின் மூளை.

மேசோமஷாய் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். கை நடுங்க, மாத்திரையும் நடுங்கிற்று. பிறகு கேட்டார்: "உன் பெட்டியில் எனக்கு ஓர் இடம் உண்டா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே உடல் தானத்துக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். கல்கத்தாவில் இது பெரிய இயக்கம். 'கணதர்ப்பண்' என்ற அமைப்பு வெகு காலமாய் நடத்தி வருகிறது. முதல் மந்திரியாயிருந்த ஜோதி பாசு 2010-இல் இறந்தபோது அவர் உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தார்கள். "உடம்பைப் பிள்ளைகள் அறுத்துப் படிக்கட்டும். ஆனால் நோய் என் மூளையில் அல்லவா இருக்கிறது? அதை யாராவது பார்க்க வேண்டாமா?" என்றார்.

எங்கள் பெட்டி எலிகளுக்கு மட்டும்தான். மனித மூளையைத் தொட எங்களுக்கு அனுமதியும் இல்லை, பயிற்சியும் இல்லை. நான் விசாரித்தேன். பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிலையத்தில் 1995-ஆம் ஆண்டிலிருந்து மூளை வங்கி ஒன்று இருக்கிறது. டாக்டர் எஸ்.கே. சங்கர் முன்னின்று தொடங்கியது. உறவினர் சம்மதத்தோடு வரும் மூளையில் ஒரு பங்கைப் பார்மலினில் பதப்படுத்துகிறார்கள். ஒரு பங்கை உறைய வைத்து ஆராய்ச்சியாளருக்குக் கொடுக்கிறார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் மூளை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நடக்கிறது. கருவிலேயே இறந்த சிசுக்களின் மூளையை உறைய வைத்து மெல்லிய சீவல்களாய்ச் சீவி, 5,132 சீவல்களைப் படமெடுத்து, 'தாரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்துக்கே இலவசமாய் வழங்கினார்கள். செய்தியைப் படித்தபோது, பெயர் சொல்லப்படாத அந்தத் தாய்மாரை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பெங்களூருக்கும் டாலிகஞ்சுக்கும் இடையே நாட்டில் பாதி கிடக்கிறது. மூளையை மரணத்துக்குப் பின் சில மணி நேரத்துக்குள் எடுத்தால் உத்தமம். எடுப்பதற்கு நிபுணர் வேண்டும், உலர்பனி வேண்டும், விமானத்தில் அனுப்பக் காகிதங்கள் வேண்டும். இதையெல்லாம் அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "நெகடிவ் பெட்டியை அவுரா ஸ்டேஷனில் ஏற்றி அனுப்பிவிடுவோம். அந்தக் காலம் சுலபமாயிருந்தது" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். அதற்குப் பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு விடியற்காலை நாலேகாலுக்கு மாசிமா என் கதவைத் தட்டினார்.

அழ வேண்டிய நேரத்தில் என் மனம் மணியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. என்னை நான் இன்னும் மன்னிக்காத விஷயம் அது. ஐந்தேமுக்காலுக்கு டாக்டர் வந்து சான்றிதழ் எழுதினார். ஏழரைக்குக் கண் வங்கிக்காரர்கள் வந்து கருவிழிகளை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஆறு மணி நேரக் கெடு, அது தப்பவில்லை. மூத்த பெண் துர்காப்பூரிலிருந்து வந்து சேரப் பதினொன்றரை. பனிக்கால வெயில் முற்றத்தில் விழுந்தது. ஏழு மணி நேரம் ஆயிற்று, திசுவின் அமிலம் ஏறியிருக்கும், ஆனாலும் இன்னும் காலம் கடக்கவில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கூப்பிடு தூரத்தில் என் ஆராய்ச்சிசாலையில் ஐசோபென்டேன் இருந்தது, நைட்ரஜன் இருந்தது, மேல் தட்டில் காலி இடமும் இருந்தது. என் தவறால் காலியான இடம். நான் சும்மா நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

பகல் இரண்டு மணிக்கு மருத்துவக் கல்லூரி உடற்கூறு இலாகாவில் ஒப்படைத்தோம். ஒரு குமாஸ்தா மரியாதையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். மாணவர் இருவர் எழுந்து நின்றார்கள். பார்மலின் ஏற்றி வைப்பார்கள். அந்த மூளையில் கருந்திட்டு எவ்வளவு வெளுத்திருந்தது, எத்தனை அணுக்கள் மிஞ்சியிருந்தன என்பதையெல்லாம் இனி யாரும் எழுதி வைக்கப் போவதில்லை. ஆனால் அவருடைய கைகளை, நடுங்காமல் அடங்கிய அந்தக் கைகளை, யாரோ ஒரு முதலாண்டு மாணவன் நரம்பு நரம்பாய்ப் படித்துக்கொண்டிருப்பான்.

பத்து நாள் கழித்து மாசிமா என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். "உன் கதவு திறந்துபோன அன்றிலிருந்து எழுதத் தொடங்கினார். உனக்குப் பயன்படுமோ என்னமோ" என்றார்.

மாத்திரைக் கணக்கு. எந்த வேளை மாத்திரை எத்தனை மணிக்கு, நடுக்கம் எப்போது அடங்கிற்று, எப்போது திரும்பிற்று, சட்டைப் பொத்தான் போட எத்தனை நிமிஷம் ஆயிற்று. ஒரு நாள் விடாமல் ஐந்து மாதம். எழுத்து பக்கத்துக்குப் பக்கம் சிறுத்துக்கொண்டே போகிறது. கடைசிப் பக்கங்களைப் படிக்கத் தீதியின் பூதக்கண்ணாடியை வாங்க வேண்டியிருந்தது. இறப்பதற்கு முதல் நாளின் வரி இது: "மாலை 6 மணி மாத்திரை மறந்துவிட்டது. 7.10-க்குப் போட்டேன்."